பாதியில் நிற்கும் படம்: அம்மாவின் வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த, பெயர் வெளியிட விரும்பாத 37 வயது வாசகி எழுதியிருக்கிறார். சென்னையில் உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் ஒரு பெண், ஆடு மேய்க்கும் அவள் தம்பி இருவரையும் பற்றிய கதையை 2019-இல் சொந்த ஊரிலேயே படமாக்கத் தொடங்கினார். குடும்ப நண்பரான ஒரு வியாபாரி தயாரிப்பாளராகி 21 லட்சம் ரூபாய் போட்டார். ‘படத்தின் முழு உரிமையும் தயாரிப்பாளருக்கே’ என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். 2020 ஊரடங்கில் அவருடைய வியாபாரம் நொடித்தது, அவர் ஒதுங்கிக்கொண்டார். வாசகி தன் நகைகளை அடகு வைத்தும் கணவரின் சேமிப்பை எடுத்தும் 9 லட்சம் போட்டு, 2022-இல் மீதிக் காட்சிகளை எடுத்தார். ‘லாபத்தில் பங்கு உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லி எழுபது பேரிடம் 4 லட்சம் திரட்டினார்.

ரஃப் கட் (காட்சிகளை வரிசைப்படுத்திய முதல் கட்டத் தொகுப்பு) தயாராக இருக்கிறது. டப்பிங், ஒலிக்கலவை, வண்ணத் திருத்தம் பாக்கி. எடிட்டிங் ஸ்டூடியோவுக்கு இரண்டரை லட்சம் தர வேண்டியிருப்பதால் ஹார்ட் டிஸ்க்கைத் தர மறுக்கிறார்கள். இப்போது ஒரு பைனான்சியர் 25 லட்சம் தர முன்வந்திருக்கிறார். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. அம்மாவின் வீட்டுக்குப் பொது அதிகாரப் பத்திரமும் கிரைய ஒப்பந்தமும் பதிவு செய்து தர வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளும் தர வேண்டும்.

“ஐந்து ஆண்டுகள் தாண்டிவிட்டதால் பழைய ஒப்பந்தம் காலாவதி என்கிறார்கள். எழுதியதும் இயக்கியதும் நான், படம் என்னுடையதுதானே? டிஸ்க்கை நகலெடுத்து வேறு தலைப்பில் முடித்து வெளியிடலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் போடச் சொன்னால் போட்டுவிடுவார். இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.”

வழக்கறிஞரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த ஒப்பந்தத்தையும் பைனான்சியர் தந்த நகல் பத்திரத்தையும் படித்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறீர்கள். அந்தப் பத்திரங்களில் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது. பணம் இல்லாததால் படம் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரையில், படத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது தெளியாததால்தான் நிற்கிறது. அது தெளியாமல் 25 லட்சம் உள்ளே வந்தால், படம் முடிந்த பிறகும் வெளியே வராது.

படம் யாருடையது?

படத்தை எழுதி இயக்கியவரே அதன் உரிமையாளர் என்று நினைப்பது இயல்பு. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ அதன் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் யார் என்பதற்கும் சட்டம் விளக்கம் தருகிறது: படைப்பை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவர். இயக்குநரின் பெயர் அந்த வரையறைக்குள் எங்கும் வரவில்லை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் இன்றைக்கு நீதிமன்றத்தில் நிற்கப்போவது இந்தச் சட்டம்.

அதற்காக உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ‘முன்முயற்சி, பொறுப்பு’ என்ற அந்த இரண்டு சொற்களே உங்களுக்கும் உதவும். நண்பர் ஒதுங்கிய பிறகு 2022-இல் ஆட்களைத் திரட்டியதும், கேமரா வாடகை கட்டியதும், சாப்பாட்டுக் கணக்குத் தீர்த்ததும் நீங்கள். பின்பாதியைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு தயாரிப்பாளர் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அந்த 9 லட்சம் போன வழியைக் காட்டும் வங்கிக் கணக்கு, ஜிபே பதிவு, வாடகை ரசீது, நகை அடகுச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வையுங்கள்.

இதைவிட முக்கியமானது திரைக்கதை. அது தனி இலக்கியப் படைப்பு. அதன் உரிமை எழுதியவருக்கு. அதை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, என்ன உரிமை என்று குறிப்பிட்டுத் தர வேண்டும். உங்கள் ஒரு பக்க ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். ‘படம்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. ‘கதை’, ‘திரைக்கதை’, ‘வசனம்’ ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் இல்லை. ஆகவே திரைக்கதை இன்னும் உங்களுடையது என்பதே என் கருத்து.

இதற்குத் துணையாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. சத்யஜித் ராய் எழுதி இயக்கி 1966-இல் வந்த ‘நாயக்’ படத்தின் திரைக்கதையைப் பின்னாளில் ஒருவர் நாவலாக்கி ஒரு பதிப்பகம் வெளியிட்டது. திரைக்கதையை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள், எனவே அது எங்களுக்கே சொந்தம் என்று தயாரிப்பாளர் குடும்பம் வழக்குத் தொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்கவில்லை. திரைக்கதையின் முதல் உரிமையாளர் ராய்தான் என்றது.

அதற்காக, திரைக்கதை கையில் இருக்கிறதென்று எடுத்த காட்சிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பதிவான காட்சிகளில் அவருக்கும் உரிமை இருக்கிறது. திரைக்கதை அவரோடு பேச உட்காரும்போது உங்களுக்குள்ள பலம். மேசையைக் கவிழ்க்கும் ஆயுதம் அல்ல.

‘ஐந்து ஆண்டு’ என்ற நம்பிக்கை

நண்பர்கள் சொன்னது முழுப் பொய் அல்ல. ஒரு விதியை அரைகுறையாகக் கேட்டிருக்கிறார்கள். பதிப்புரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால், அது ஐந்து ஆண்டுகள் என்று சட்டம் கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். உங்கள் நண்பரோ தன்னைத் தயாரிப்பாளர், அதாவது முதல் உரிமையாளர் என்று சொல்வார். உங்களிடமிருந்து வாங்காத உரிமைக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எளிதான பதில் கிடையாது. ‘காலாவதி’ என்று நீங்களாக முடிவு செய்து படத்தை முடித்தால், வெளியீட்டுக்கு முந்தின நாள் தடையுத்தரவோடு ஒருவர் வந்து நிற்பார்.

இருபது ரூபாய்த் தாள்தானே, செல்லாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முத்திரைத்தாளின் மதிப்பு குறைவு என்பதற்காக ஒப்பந்தம் செத்துவிடாது. குறைந்த தொகையையும் அதற்கான தண்டத்தையும் கட்டிச் சான்றாகக் கொண்டுவர வழியிருக்கிறது.

இன்னொன்றைக் கவலையோடு சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் நகலில், “உங்க 21 லட்சத்தைக் கண்டிப்பாத் திருப்பிக் குடுத்திடுவேன் அண்ணா” என்று சென்ற ஆண்டு அவருக்கு எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் எழுதியது எனக்குப் புரிகிறது. அவர் போட்டது முதலீடு. படம் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் நட்டம். ஒப்பந்தத்தில் திருப்பித் தருவதாக ஒரு வரியும் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அந்த முதலீட்டைக் கடன்போலக் காட்டிவிடும். இனி பணம் பற்றி அவருக்குச் செய்தியில் எதுவும் எழுதாதீர்கள், நேரில் பேசுங்கள்.

டிஸ்க்கை நகலெடுக்கலாமா?

வேண்டாம். ஸ்டூடியோக்காரர் உங்கள் பொருளைப் பிடித்துவைத்து மிரட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பும் திறமையும் செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவே சொல்கிறது. உதவியாளர் ஒருவரைப் பிடித்து இரவோடு இரவாக நகலெடுத்தால், நியாயம் அவர் பக்கம் போய்விடும். தலைப்பை மாற்றி வெளியிட்டாலும் காட்சிகள் அவைதாம். தயாரிப்பாளரும் வழக்குப் போடுவார்.

ஆனால் ஒரு ஆபத்து சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் மின் இணைப்பில்லாமல் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சுழல மறுக்கும். படம் அதோடு போய்விடும். ஸ்டூடியோ உரிமையாளரை நேரில் பாருங்கள். பாக்கியை ஒப்புக்கொண்டு, மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். முதல் தவணையைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே, அவர் இடத்திலேயே இரண்டாவது பிரதி ஒன்று எடுக்கச் சம்மதம் கேளுங்கள். அந்தப் பிரதியும் கடன் தீரும்வரை அவரிடமே இருக்கட்டும். படப்பிடிப்புத் தளத்தில் பதிவான நேரடி ஒலிக் கோப்புகளும் எடிட்டிங் புராஜெக்ட் கோப்பும் அதில் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். காட்சியை மட்டும் நகலெடுத்து ஒலியை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பத்திரத்தில் என்ன இருக்கிறது

வீட்டை ‘அடமானம்’ வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பைனான்சியர் அனுப்பிய நகலில் அடமானம் எங்கும் இல்லை. அடமானப் பத்திரம் என்றால், கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவால் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்திருக்கும். அவர் கேட்பது கிரைய ஒப்பந்தம்: வீட்டை விற்கச் சம்மதித்து 25 லட்சம் முன்பணம் வாங்கியதாக அம்மா எழுதிக் கொடுக்கிறார். கூடவே பொது அதிகாரம்: அம்மாவின் சார்பில் அந்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கிரையம் செய்ய பைனான்சியரின் ஆளுக்கு அனுமதி. பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தை வைத்து இன்னொருவர் பெயருக்குக் கிரையப் பத்திரம் பதிந்துவிடலாமே! அந்த அதிகாரப் பத்திரத்தில், வீட்டில் தனக்கும் உரிமைப் பங்கு இருப்பதாகப் பைனான்சியர் எழுதிக்கொண்டால், அம்மா நினைத்தாலும் ரத்து செய்வது கடினம். கடன் என்ற சொல்லே இல்லாத தாள்களை வைத்துக்கொண்டு இது கடன்தான் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

வெற்றுக் காசோலை பற்றி: தொகையை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாலும், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாக்கிவிட்டது. அந்தக் காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றவியல் வழக்கு.

வட்டியையும் பார்ப்போம். மாதம் 75,000. இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் 18 லட்சம். இரண்டு ஆண்டில் படத்திலிருந்து பணம் வருமா? தமிழில் அண்மையில் உலகம் கொண்டாடிய சிறுமுதலீட்டுப் படம் ‘கூழாங்கல்’. 2021 தொடக்கத்தில் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது; அந்த ஆண்டே ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நம் மக்கள் வீட்டில் அதைப் பார்க்க 2023 ஆனது. அத்தனை பெருமை பெற்ற படத்துக்கே அவ்வளவு காலம். மாத வட்டி அதற்காகக் காத்திருக்காது. சிறு படங்களுக்குத் தமிழக அரசு தரும் 7 லட்சம் ரூபாய் மானியத்தையும் கடன் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அது கிடைத்தால் கிடைக்கட்டும். அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லாமல் ‘கையெழுத்து மட்டும்’ வாங்கிவிடலாம் என்ற வரியைப் படித்தபோது மனம் கனத்தது. நீங்கள் கெட்ட மகள் அல்ல, களைத்துப்போன மகள். அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்த வீடு. சட்டப்படியும் அது அவருடைய தனிச்சொத்து, உங்கள் படத்தின் பட்ஜெட் அல்ல. கேட்பதானால் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் அவர் சரி என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

எழுபது பேரின் பணம்

மக்கள் பணத்தில் படம் எடுப்பது நல்ல மரபு. குஜராத்தில் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு 1976-இல் ‘மந்தன்’ உருவானது. கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ‘ஒடேசா’ என்ற திரைப்படக் குழுவினரும் ஊர் ஊராகப் படம் திரையிட்டு, மக்களிடம் காசு திரட்டி 1986-இல் ஒரு படத்தை முடித்தார்கள். நீங்களோ ‘லாபத்தில் பங்கு’ என்று எழுதிவிட்டீர்கள். பொதுமக்களிடம் வருமானம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதைத் தமிழக முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் (1997), முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் (2019) இரண்டும் கடுமையாகப் பார்க்கின்றன. உங்களுடையது வைப்புத்தொகை ஆகாது என்று நான் வாதாடுவேன். ஆனால் அந்த வாதம் காவல் நிலையத்தில் தொடங்க நாம் இடம் தரக் கூடாது.

எழுபது பேருக்கும் கடிதம் எழுதுங்கள்: எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, படம் எந்த நிலையில் இருக்கிறது. லாபப் பங்கு என்ற வாக்கை விலக்கிக்கொண்டு, படத்தின் நன்றிப் பட்டியலில் பெயரும் முதல் திரையிடலுக்கு அழைப்பும் தருவதாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் கேளுங்கள். பணம் திரும்ப வேண்டும் என்பவர்களைக் குறித்துக்கொண்டு, தவணையில் கொடுத்துத் தீருங்கள். இனிமேல் இந்த வழியில் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

நண்பரோடு உட்காருங்கள்

எல்லாம் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்கிறது. அவர் எதிரி அல்ல, நொடித்துப்போன மனிதர். 21 லட்சம் போனதே என்ற வலியில் போன் எடுக்காமல் இருக்கிறார். முடியாத படத்தில் அவருடைய உரிமைக்கு மதிப்பு பூஜ்யம் என்பது ஒரு வியாபாரிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதிய ஒப்பந்தம் ஒன்று எழுதுவோம். உரிமையில் அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று நூற்றுக் கணக்கில் இருக்கட்டும். வரும் பணத்தை யார் முதலில் எடுப்பது என்பதுதான் எல்லாப் படங்களிலும் சண்டை வரும் இடம். இனி முடிக்கப் பணம் போடுபவருக்கு முதலில், பிறகு அவருடைய 21-உம் உங்களுடைய 9-உம் விகிதப்படி, அதன்பின் லாபம் என்ற வரிசையை முன்வைக்கிறேன். படத்தை முடிக்கவும், விழாக்களுக்கு அனுப்பவும், தணிக்கைக்கு விண்ணப்பிக்கவும் முழு அதிகாரம் உங்களுக்கு இருக்க வேண்டும். ‘எழுத்து, இயக்கம்’ என்று உங்கள் பெயர் வருவதும், உங்கள் சம்மதமின்றிக் காட்சிகளை வெட்டக் கூடாது என்பதும் எழுத்தில் வர வேண்டும். இயக்குநரைப் படத்தின் ஆசிரியராகச் சட்டம் ஏற்காததால், ஒப்பந்தம்தான் உங்களுக்குக் காவல்.

அவர் வர மறுத்தால் வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு முந்தைய சமரசம் கோரலாம். 3 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய வழக்குகளில், அவசரத் தடை கேட்டாலொழிய, அந்தப் படியைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நடக்கும். மூன்று மாதக் கெடு, இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அங்கே கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஏற்கும் வலு உண்டு.

வட்டியில்லாத பணம்

உரிமை தெளிந்த தாள் கையில் வந்ததும் உங்கள் ரஃப் கட்டுக்கு மதிப்பு வரும். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் நடத்திவரும் திரைப்படச் சந்தையில், முடியாத படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ரஃப் கட்டை அனுப்பலாம். வெளிநாட்டு விழாத் தேர்வாளர்களும் அனுபவமிக்க படத்தொகுப்பாளர்களும் அங்கே பார்க்கிறார்கள். ஒலிக்கலவை, வண்ண வேலைகளை ஒரு ஸ்டூடியோ தன் பங்காகச் செய்து இணைத் தயாரிப்பாளராக வருவதும் இத்துறையில் நடப்பதுதான். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “உரிமை யாரிடம்?” என்பதை. அதுவரை படத்தை யூடியூபில் தனி இணைப்பாகக்கூடப் பலருக்கும் அனுப்பாதீர்கள். பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒன்று: ஆட்டு மந்தைக் காட்சிகளை விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள். தணிக்கையில் வாரியத்தின் சான்று கேட்பார்கள். ஆடுகள் வரும் ஒவ்வொரு ஷாட்டையும், எடுத்த இடம், ஆட்டின் சொந்தக்காரர், எந்த ஆட்டுக்கும் காயமில்லை என்ற கால்நடை மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றோடு இப்போதே பட்டியலிடத் தொடங்குங்கள். சொந்தக்காரர் உங்கள் ஊர்க்காரர் என்பதால் இன்று எளிது.

பைனான்சியருக்கு இந்த வாரமே மறுப்புச் சொல்லிவிடுங்கள்; காரணம் விளக்க வேண்டியதில்லை. முன்னதாக ஏதேனும் காசோலை கொடுத்திருந்தால் எண்களைக் குறித்துக்கொண்டு, திருப்பித் தரக் கோரிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு எனக்கு எழுதுங்கள். என்னைப் பார்க்க வரும்போது ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, தேதி போட்ட திரைக்கதைப் பிரதிகள், நான் கேட்ட செலவுக் கோப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள்.